மூவிசிறியானும் கடைசி வளைவும்

வாழ்க! குழிவில்லை ஒரு கையிலும் குவிவில்லை மறு கையிலுமாக ஏந்தி, பேருந்துப் பலகை படிக்கமாட்டாதவரைப் படிக்கச் செய்து, ஊசியில் நூல் கோக்கமாட்டாதவரைக் கோக்கச் செய்து, வளைந்த காதுத்தண்டை நிமிர்த்தி, நிமிர்ந்த காதுத்தண்டை வளைத்து, மூக்குத்தாங்கி திருத்தும் கலையில் முந்நீர் சூழ் உலகில் நிகரென்று ஒருவரைச் சொல்லவொண்ணாப் பெருமையோடு கண்ணாடிக் கடை நடத்தும் நம் தலைவன் வாழ்க! அவன் கடைப்பலகை வாழ்க! அதில் இமையே இல்லாமல் வரையப்பட்டு, வெயிலிலும் மழையிலும் விழித்தபடி நிற்கும் அந்த ஒற்றைக் கண்ணும் வாழ்க!

இனிக் காப்பு. கம்பி வழி நடப்பவளே, கண்ணுக்குத் தெரியாதவளே, கடைசிச் சுற்றில் காலை வாருவதையே விளையாட்டாகக் கொண்டவளே, மின்சாரமே! இந்தக் கதை முடியும்வரை வீட்டை விட்டுப் போகாதிருப்பாயாக. போயே தீர வேண்டுமென்றால் பக்கத்துத் தெருவுக்குப் போவாயாக.

அவையடக்கமும் ஒன்று சொல்லிவிட வேண்டும். போர் பாடப் புகுந்தோமே தவிர, நம்மிடம் யானையும் இல்லை, குதிரையும் இல்லை. மேசைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் செருகும் ஒரு பலகை, அவ்வளவுதான் படை. அந்தப் பலகையைக் கிராஃபிக்ஸ் கார்டு என்று வணிகர் அழைப்பர். கணினி விளையாட்டில் ஓடுகிற காரையும் மரத்தையும் மலையையும் நொடிக்குப் பல பத்துப் படங்களாக வரைந்து வரைந்து திரைக்கு அனுப்பும் ஓயாத சித்திரக்காரன் அது. சித்திரக்காரன் சோர்ந்தால் படம் திக்கும். படம் திக்கினால் கார் திக்கும். கார் திக்கினால் குலப்பெருமை என்னாகும் என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

போர் மூள்வது ஞாயிறு பிற்பகல்களில். பகையரசி வேறு யாருமல்ல, தலைவனுடன் ஒரே வயிற்றில் பிறந்த அக்கா. வேறு நகரில் வாழ்பவள், இணையம் வழியே கார்ப் பந்தயத்துக்கு வருபவள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், விபத்து நடந்த வண்டிக்காரர்கள் சொல்லும் கதைகளை எல்லாம் கேட்டு, எது மெய் எது புளுகு என்று பிரித்து, பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பும் உத்தியோகம் பார்ப்பவள். அவள் ஏறி வரும் படைக்கலமோ, கணவர் கழித்துப்போட்ட ஒரு மடிக்கணினி. மூலையில் விரிசல், விசைப்பலகையில் இரண்டு பற்கள் காணோம், மூச்சிரைப்பு நோய் வேறு. அதை வைத்துக்கொண்டுதான், துவைத்த துணியை மடித்தபடியே, பந்தயம் தொடங்கக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு தலையணை உறையையும் மடித்துவிட்டு, வாரம் தவறாமல் தம்பியைத் தோற்கடித்துக்கொண்டிருந்தாள்.

தோற்ற இடமும் எப்போதும் ஒன்றே. மலைப்பாதையில் பாம்பாய் நெளிந்து இறங்கும் அந்தப் பந்தயச் சாலை, முடிவில் கடலை நோக்கிப் பாய்ந்து, ஒரு கலங்கரை விளக்கத்தின் காலடியில் சட்டென்று திரும்பும். அந்த வளைவைக் கடந்தால் வெற்றிக்கோடு. கடவாவிட்டால் கடல். தலைவனின் நீலக் கார் இதுவரை எத்தனை முறை கடலாடியது என்பதை மீன்களே அறியும்.

தோற்றபின் தொலைபேசியில் நடப்பதும் மாறியதில்லை. தலைவன் சொல்வான்: "படம் திக்குதுக்கா. அந்த வளைவு வந்தா திரையே ஒரு செகண்ட் இருட்டாயிடுது. கார்டு பழசு."

அக்கா சொல்வாள்: "டேய், எங்கிட்ட வர்ற அத்தனை பேரும் இதத்தான் சொல்றாங்க. பிரேக் பழசு, ரோடு சரியில்ல, மரம் குறுக்க வந்துடுச்சு. நீ வளைவுல கண்ண மூடிக்கிற. சைக்கிள் ஓட்டின காலத்துலேருந்தே அப்படித்தான்."

சைக்கிள் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. முனை திரும்பும்போது ஒரு தையற்கடைக்குள் புகுந்தான், பின்னால் ஓடிவந்த அக்காவே துணிக்குவியலிலிருந்து தூக்கி எடுத்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் கண்ணை மூடுகிறான் என்ற சொல் இருக்கிறதே, அது வேல். ஊரார் கண்ணைத் திறந்து பிழைப்பவனைப் பார்த்துக் கண்ணை மூடுகிறாய் என்றால், மீனவனைப் பார்த்துத் தண்ணீருக்குப் பயப்படுகிறாய் என்பதுபோல் அல்லவா? தலைவன் உள்ளம் கொதித்தது. அதே நேரம், அக்கா அழைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவன் வாரம் முழுதும் காத்திருப்பான் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

ஒரு ஞாயிறு அக்கா ஓலை விடுத்தாள். அதாவது, தொலைபேசியை வைக்கும் முன் நிதானமாகச் சொன்னாள்: "சரி, கார்ட மாத்து. மாத்தின பிறகும் தோத்தா, அப்புறம் ஜென்மத்துக்கும் காரணம் சொல்லக் கூடாது. தோத்துட்டேன்க்கா, அந்த ஒரு வார்த்தைதான். சம்மதமா?"

அப்போது நம் தலைவன் உரைத்த வஞ்சினம் கேளீர்: 'மாற்றுவேன்! மாற்றிய கார்டின் மாட்சியால் மலைப்பாதை மயங்க, கலங்கரை கலங்க, உன் செந்நிறத் தேரை என் பின்கண்ணாடியில் ஒரு புள்ளியாக்கி, அவ்வளைவை முதலில் கடப்பேன்! கடவேனாயின், எழுத்துப்பலகையின் கடைசி வரியைக் கண்ணாடியின்றிப் படிப்பவர் என் கடைவாசலில் பெருகக் கடவர்!' உண்மையில் அவன் வாயிலிருந்து வந்தது "பாக்கலாம்க்கா" என்பது மட்டுந்தான். உள்ளக்கிடக்கையை விரித்தது நாம்.

ஆனால் தொலைபேசியை வைத்தபின்தான் அவனுக்கு அந்த நிபந்தனையின் கனம் புரிந்தது. தோல்வி அவனுக்குப் பழகிய செருப்பு, கடித்தாலும் கால் தாங்கும். காரணம் என்ற ஒன்று கைவசம் இருந்ததால்தான் திங்கட்கிழமை தலைநிமிர்ந்து கடை திறந்தான். அந்தக் குடையையும் பிடுங்கிவிட்டால் நனைந்தல்லவா நிற்க வேண்டும்? வெற்றி இல்லாமல் மனிதன் வாழ்ந்துவிடலாம். சாக்கு இல்லாமல் எப்படி வாழ்வது?

எனவே கார்டு வேட்டை தொடங்கியது. சந்தையை ஆண்டவர் இருவர். ஒருவன் இரட்டைவிசிறியான்: அடக்கமானவன், கைக்கடக்கமானவன், விலையிலும் அப்படியே. மற்றவன் மூவிசிறியான்: கருங்கவசமணிந்து, சூடு தணிக்க மூன்று விசிறிகள் சுழல, தோள் நீண்டு, பக்கவாட்டில் பல வண்ண ஒளி சிந்தி, விலையைக் கேட்டவர் நாற்காலி தேடும்படி விளங்கியவன். இருவரையும் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒரே சாலையில் ஒரே காரை ஓடவிட்டுக் காட்டும் காணொளிகளைத் தலைவன் உண்ணும்போதும் பார்த்தான், உறங்கப் போகும்போதும் பார்த்தான், பல் தேய்க்கும்போது பார்த்ததில் பற்பசைக்குப் பதில் முகப்பசையை எடுத்தான்.

தொழில் புத்தி லேசில் போகுமா? கடையில் ஒருவரை உட்காரவைத்து, மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா? முதல்லயா, ரெண்டாவதா?" என்று காலமெல்லாம் கேட்டவன் அல்லவா அவன்? வந்தவர்களிடமே காணொளியையும் நீட்டினான். சட்டம் மாட்டிய நிலையில், ஒரு கண்ணுக்கு வில்லையும் மறு கண்ணுக்கு மூடியுமாக அமர்ந்திருந்த பேருந்து நடத்துநர் ஒருவர், வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்கப்பட்டதும், இது பரிசோதனையின் ஒரு கட்டம் போலும் என்றெண்ணி மிகுந்த பொறுப்போடு உற்றுப் பார்த்தார். முடிவில், ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு சார், இதுக்குக் கண்ணாடி போட்டா சரியாகுமா என்று கவலையோடு கேட்டார். தலைவன் பெருமூச்செறிந்து அவருக்கு வேண்டிய வில்லையை எழுதினான்.

வீட்டில் தலைவியின் அனுமதி பெற்றாக வேண்டும். தலைவி கணக்கு ஆசிரியை. கணினி இருக்கும் அதே அறையில், எதிர்ச்சுவரை ஒட்டிய சிறு மேசையில், விடைத்தாள் திருத்துபவள். சிவப்புப் பேனாவை எடுத்தால், பக்கத்தில் கார் கடலில் விழுந்தாலும் தலை நிமிர்த்தாதவள். தலைவன் சொற்சிலம்பம் ஆடி, நொடிக்கு இத்தனை படம் என்று புள்ளிவிவரம் அடுக்கி, வருங்காலத்தில் விலை ஏறும் என்று அச்சுறுத்தி, பழைய கார்டு மனிதத்தன்மையற்ற முறையில் தன்னை வஞ்சிப்பதாகக் குற்றஞ்சாட்டி ஓய்ந்தபின், அவள் ஒரு தாளில் அரை மதிப்பெண் குறைத்துவிட்டுச் சொன்னாள்: "வாங்குங்க. ஆனா அதுக்கப்புறமும் தோத்துட்டு வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காரக் கூடாது." ஒரே வாரத்தில் இரண்டு பெண்கள் ஒரே நிபந்தனை விதித்ததைத் தலைவன் தற்செயல் என்று எடுத்துக்கொண்டான்.

படை கிளம்பியது. கணினிக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் சந்தில், அட்டைப்பெட்டிக் குன்றுகளுக்கு நடுவே, ஒரு காதில் எப்போதும் சிறு காதுப்பேசி தொங்க, யாரோடு பேசுகிறார் என்று எவரும் அறியாதபடி பேசிக்கொண்டே வணிகம் செய்யும் கடைக்காரரிடம் தலைவன் தன் நோயை விவரித்தான். படம் திக்குவதைச் சொன்னபோது அவர் தலையசைத்தார். வளைவில் திரை ஒரு கணம் முற்றாக இருண்டு, மறுகணம் கார் கடலில் இருப்பதைச் சொன்னபோது, அவர் பேச்சை நிறுத்தி, காதிலிருந்ததையே கழற்றினார். இத்தனை ஆண்டு வியாபாரத்தில் இப்படி ஒரு கோளாறை அவர் கேட்டதில்லையாம். குறிப்பிட்ட ஒரே வளைவில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்! இத்தகைய கொடும்பிணிக்குச் சின்ன மருந்து பலிக்காது என்று அவர் மூவிசிறியானை இறக்கினார். பெட்டியின் மின் வழங்கி தாங்குமா என்று மட்டும் அக்கறையாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். குற்றம் சொல்ல முடியாது. நோயாளி சொன்னதை வைத்துத்தானே வைத்தியம்.

பிள்ளையைத் தொட்டிலில் கொண்டுவருவது போலத் தலைவன் மூவிசிறியானை வீடு சேர்த்தான்.

இனி உண்மையான போர். அங்கி களைந்து, கைம்முட்டி வரை சட்டையை மடித்து, நிலைமின்சாரம் தாக்காதிருக்கச் சன்னல் கம்பியைத் தொட்டு வணங்கி, மேசைக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை வெளியே இழுத்து, பக்கக் கதவைத் திறந்தான். தூசிப்படலம் எழுந்து அறையைச் சூழ்ந்தது. தலைவி விடைத்தாள்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் புலம்பெயர்ந்தாள்.

முதல் தடை, ஆயுதமே. கண்ணாடிக் கடையிலிருந்து அவன் கொண்டுவந்திருந்த திருப்புளி, எறும்பின் இடுப்பளவு திருகாணிக்கென்று செய்யப்பட்டது. கணினிப் பெட்டியின் திருகாணியோ தடித்த தலையுடையது. யானையைத் தூண்டிலிட்டுப் பிடிக்கப் போனவன் போல் சற்று நேரம் துழாவிவிட்டு, ஓசைப்படாமல் சமையலறையிலிருந்து ஒரு கத்தியைக் கவர்ந்து வந்தான். பழைய கார்டு கழன்றது. 'துரோகியே, போ!' என்று அதை அட்டைப்பெட்டிச் சிறையில் தள்ளினான். வன்மையான சொல்தான். பின்னால் அவனே வருந்தினான்.

இரண்டாம் தடை, இடம். மூவிசிறியான் தோள் நீண்டவன் என்றோமே, அந்தத் தோள் இங்கே இடித்தது. பெட்டியின் முன்பக்கத்தில் தரவு வட்டு குடியிருக்கும் தகரக் கூடு ஒன்று, நூறு தலைமுறையாக இந்த மண் எங்களுடையது என்பது போல நகர மறுத்து நின்றது. மேலிருந்து நுழைத்தான், இடித்தது. சாய்த்து நுழைத்தான், இடித்தது. பெட்டியைக் குப்புறப் படுக்கவைத்துக் கீழிருந்து நுழைத்தான், தலைவனே இடித்துக்கொண்டான். விரலில் கீறல் விழுந்து, காவியத்துக்குத் தேவையான அளவு இரத்தம் ஒரு துளி தோன்றியது. முடிவில் கூட்டையே பெயர்த்தெடுத்து, வீடிழந்த வட்டைக் கீழே ஒரு மூலையில் கிடத்தி, அது ஆடாதிருக்கக் கண்ணாடி தொங்கவிடும் கழுத்துக்கயிறு இரண்டால் கட்டினான். தன் கடைச் சரக்கு போர்க்களத்தில் பயன்பட்டதில் அவனுக்குக் கொள்ளை மகிழ்ச்சி.

மூன்றாம் தடையைச் சொல்ல நா கூசுகிறது. திருகாணி ஒன்று விழுந்து, எல்லாக் கார்டும் செருகப்படும் தாய்ப்பலகையின் காட்டுக்குள் மறைந்தது. எத்தனையோ பேருடைய விழியின் அடியாழம்வரை பார்த்த பேனா விளக்கை எடுத்து, உருப்பெருக்கியை ஒரு கண்ணில் இடுக்கி, மூச்சை அடக்கி, கேபிள்களின் புதர் விலக்கி, தூசியின் மேகம் விலக்கி, என்றோ செத்த ஒரு பூச்சிக்கு வழிவிட்டு, தலைவன் தேடினான், தேடினான், அது அவன் முழங்காலுக்கு அடியில் அழுந்தி அடையாளம் பதித்த பிறகே கண்டான்.

முடிந்தது. மின்வடம் பூட்டினான். திரைக்குச் செல்லும் கேபிளை வழக்கமான இடத்தில் செருகினான். பொத்தானை அழுத்தினான். மூன்று விசிறிகளும் மெல்லச் சுழன்றன, பல வண்ண ஒளி அறையைத் தழுவியது. தலைவி விடைத்தாள்களோடு திரும்பி வந்து, தன் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

பந்தயச் சாலை விரிந்தது. கார் நகர்ந்தது. தலைவன் முகத்தில் ஒரு நிழல். மலை நகர்ந்ததும், மரம் நகர்ந்ததும், முன்பு போலவே அல்லவா? இல்லை, இல்லை, இது மனப்பிரமை. தன் கண்ணைத் தானே சோதிப்பது தொழில் தர்மமன்று. அவன் தலைவியை அழைத்து நாற்காலியில் அமர்த்தி, பழைய கார்டில் பதிவு செய்து வைத்திருந்த ஓட்டத்தைக் கைபேசியில் ஒரு பக்கமும், திரையை மறுபக்கமும் வைத்து, குரல் நடுங்காமல் கேட்டான்: "இது தெளிவா, அது தெளிவா?"

அவள் விளையாட்டாகப் பார்க்கவில்லை. விடைத்தாளைப் பார்க்கும் கண்ணால் பார்த்தாள். இரண்டையும் இருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ரெண்டும் ஒண்ணுதான்."

வான் இடியவில்லை, மண் பிளக்கவில்லை. சன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவன் கணினிக் கடைக்காரரை அழைத்து, ஏமாந்தவனின் கம்பீரத்தோடு முறையிட்டான். அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டே ஒரே கேள்வி கேட்டார்: "சார், திரைக்குப் போற கேபிள எங்க செருகியிருக்கீங்க?"

"எப்பவும் செருகற இடத்துலதான்."

"கீழ இருக்கற கார்டுலயா, மேல இருக்கற ஓட்டைலயா?"

"மேலதான். கார்டுல இருக்கற ஓட்டைக்கெல்லாம் கறுப்பு மூடி போட்டிருக்கே."

அவர் மற்ற காதில் பேசிக்கொண்டிருந்தவரைக் காத்திருக்கச் சொன்னார். பிறகு, சின்னக் குழந்தைக்கு மரணச் செய்தி சொல்வது போல் மிருதுவாகச் சொன்னார்: "அந்த மூடியக் கழட்டிட்டு அதுலதான் சார் செருகணும்."

ஐயகோ! தலைவனின் தொழில் நெறி அவனையே வீழ்த்தியது. வில்லைக்கு மூடி இருந்தால் திறவாதே, தூசி புகும், கீறல் விழும் என்று பயிற்சிக் காலத்திலேயே அவன் கையில் அடித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். விலையுயர்ந்த பொருளொன்று, துளைகளை எல்லாம் குட்டி மூடிகளால் மூடிக்கொண்டு வந்தால், அதைப் பிடுங்கி எறிபவன் காட்டுமிராண்டி அல்லவா? எனவே அவன் அம்மூடிகளுக்கு மரியாதை செய்து, மேலே திறந்து கிடந்த துளையில் கேபிளைச் செருகினான். அது பெட்டியின் தாய்ப்பலகைக்கே சொந்தமான ஏழைத் துளை. இத்தனை காலமும் படம் வரைந்தது அதன் பின்னால் இருந்த, தாய்ப்பலகையின் ஏழைச் சித்திரக்காரன்தான். கார்டு சும்மா இருந்தது.

அவன் அட்டைப்பெட்டியைத் திறந்து பழைய கார்டை எடுத்தான். மூன்று மூடிகளும் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தன. பாவம், இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு காட்சிகூட வரைய விடப்படாமல், வரைந்தது சரியில்லை என்று வாரந்தோறும் வசைமட்டும் வாங்கி, துரோகி என்ற பட்டத்தோடு சிறை புகுந்த நிரபராதி! தலைவன் அதன் தூசியைக் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் துடைத்தான். உண்மையிலேயே அவனுக்கு மனம் கனத்தது.

தலைவி நாற்காலியிலிருந்து எழாமலே கேட்டாள்: "அப்போ பழசே நல்லாத்தான் இருந்துச்சா?"

தலைவன் அதைச் செவியுறாதவனாய் மூவிசிறியானின் மூடியைக் கழற்றி, கேபிளை உரிய துளையில் செருகினான்.

அப்போது தோன்றியது பாருங்கள் ஒரு காட்சி! பாதை வழுக்கி ஓடியது, நெய்யில் விட்ட கத்தி போல. திக்கல் என்பது பிறந்த ஊருக்கே போய்விட்டது. மலைச்சரிவில் ஒவ்வோர் இலையும் தனித்தனியே அசைந்தது. கடலோரத் தடுப்புக்கம்பியில் துரு தெரிந்தது. வாரந்தோறும் முட்டிய கம்பி, அதற்குத் துரு உண்டு என்பதையே அன்றுதான் அறிந்தான். தலைவி தன்னை அறியாமல், அட, நல்லாயிருக்கே என்றாள். கணக்கு ஆசிரியையிடம் முழு மதிப்பெண்! தலைவனுக்குக் கண் கலங்கியது. இந்தக் கலங்கலுக்கு எந்த வில்லையும் தேவைப்படவில்லை.

ஞாயிறு வந்தது. அக்கா அழைத்தாள். கார்டு மாற்றியாயிற்றா என்று கேட்டாள். மாற்றியாயிற்று என்றான். மூடிக் கதையை அவன் சொல்லவில்லை. நாமும் காட்டிக்கொடுக்கவில்லை. நிபந்தனை நினைவிருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். பின்னணியில் துணி உதறும் ஓசை கேட்டது.

கொடி அசைந்தது. செந்நிறத் தேர் முந்தியது. நீலத் தேர் துரத்தியது. முதல் கொண்டையூசி வளைவில் சற்று நெருங்கினான், பாலத்தில் இன்னும் நெருங்கினான், சுரங்கப்பாதை இருளில் அவள் பின்விளக்கின் சிவப்பு இரண்டு சொட்டாய் முன்னே மிதக்க, அதையே குறிவைத்துப் பாய்ந்தான். சுரங்கத்திலிருந்து வெளிப்பட்டபோது இரண்டு தேர்களும் தோளோடு தோள். தொலைபேசியில் துணி உதறும் ஓசை நின்றது. அக்கா துணியைக் கீழே வைத்தாள்! வரலாற்றில் முதல் முறையாக வைத்தாள்! எதிர்ச்சுவர் மேசையில் சிவப்புப் பேனா நின்றது, தலைவி நிமிர்ந்தாள், ஒரு மாணவனின் விடைத்தாள் பாதித் திருத்தலில் விதியை எதிர்பார்த்துக் கிடந்தது.

"டேய், நல்லா ஓட்டுற" என்றாள் அக்கா.

அந்தச் சொல்லுக்காக அவன் எத்தனை காலம் காத்திருந்தான் என்று சொல்லத் தெரியவில்லை. துணிக்குவியலிலிருந்து தூக்கியெடுத்த நாளிலிருந்து என்று வைத்துக்கொள்ளலாம். மார்பு விம்ம, தோள் பூரிக்க, விரல்கள் விசைகளின்மேல் வேள்வி இயற்ற, நீலத் தேர் ஒரு முழம் முந்தியது, ஒரு வண்டி நீளம் முந்தியது, செந்நிறம் அவன் பின்கண்ணாடியில் ஒரு புள்ளியாய்ச் சுருங்கியது, மூவிசிறியான் மூன்று விசிறியும் முழங்க மலையை வரைந்தான், மேகத்தை வரைந்தான், அலைநுரையைத் துளித்துளியாய் வரைந்தான், வெண்ணிறக் கலங்கரை விளக்கம் அதன் சாளரக் கம்பி முதல் உச்சியிலமர்ந்த பறவை ஈறாக அணுவளவும் பிசகின்றி, அதுவரை மானிடர் எவரும் கண்டிராத தெளிவோடு வானளாவி எழுந்தது, திக்காத பாதை, திணறாத படம், சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லாத மாசறு பெருங்காட்சி அவன் இரு விழிகளின் முன்னே விரிந்து நிற்க, உலகமே மூச்சடக்கி நோக்க, அந்தக் கடைசி வளைவு வந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.